இறைக்கிற கிணறு

மாடு சூடான தண்ணீரைக் குடிக்காது. அதனால் கறுப்புப் பிளாஸ்ரிக் தாங்கியை வெய்யிலில் வைக்கக் கூடாது. வேறு இடம் இல்லையென்றால் சுற்றிவரத் தென்னோலைக் கிடுகு கட்டி மறைக்க வேண்டும். வீட்டில் தண்ணீர் சேர்த்து வைக்கிறவர்கள் செய்கிற முதல் பிழை இதுதான்.

நீங்கள் படலையைத் திறந்து வந்ததும் முற்றத்துத் தாங்கியின் கிடுகைப் பார்த்தீர்கள். "நல்ல வேலை" என்றும் சொன்னீர்கள். எனக்குச் சந்தோசமாக இருந்தது. பிறகு ஊர்க் கிணற்றிலிருந்து சோதனைக்கென்று போத்தல்களில் எடுத்து வந்த தண்ணீரை வரிசையாக வைத்துவிட்டு, என்னிடம் ஒரு பேணி தண்ணீர் வாங்கிக் குடித்தீர்கள். கிணறு உப்பானதற்கு வறட்சிதான் காரணம் என்றீர்கள்.

வறட்சி காரணம் இல்லை. அதைச் சொல்லத்தான் உங்களை இருக்கச் சொன்னேன். யாழ்ப்பாணம் போகிற கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இன்னொரு பேணி குடியுங்கள். மழைத்தண்ணீர். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, ஓடு கழுவுப்பட்ட பிறகுதான் கூரைப் பீலியைத் தாங்கிக்குத் திருப்பினேன். குருவி எச்சம் ஒரு துளியும் இருக்காது.

என் பெயர் சிவதர்சன். பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தேன். பள்ளிக்கூடத்தில் அதைத்தான் படிப்பிக்கிறேன். மனைவி பைரவி போன வருடம் தை மாதம் இறந்தாள். ஏழு மாதக் கர்ப்பம். பிறஷர் ஏறியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், வாகனம் பண்ணைப் பாலத்தில் ஏறியபோது முடிந்துவிட்டது. அதைப் பற்றிச் சொல்ல இதற்குமேல் என்னிடம் எதுவும் இல்லை.

தண்ணீரைப் பற்றி நிறையச் சொல்லலாம்.

சுருவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குறிச்சியில் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு. எல்லாம் உவர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம். குடிக்க, சமைக்க, மாட்டுக்கு வைக்க ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறுதான். பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் வயல்கரையில் இருக்கிறது. அந்தக் கிணற்றுக்கு இரண்டு கட்டுப்பாடு. வாளியால் மட்டும் அள்ளலாம், மோட்டர் பூட்டக் கூடாது. விளக்கு வைத்த பிறகு யாரும் அள்ளக் கூடாது. "கிணறு படுக்கட்டும்" என்பார்கள்.

காரணம் தெரியாமல் கடைப்பிடித்தாலும் சரியான கட்டுப்பாடு. எங்கள் தீவில் நிலத்துக்குக் கீழே முழுவதும் உப்புத் தண்ணீர். அதன்மேல் நல்ல தண்ணீர் மெல்லிய படையாக மிதக்கிறது, தயிரின் மேல் ஆடை போல. மெதுவாக வழித்தால் ஆடை வரும். கரண்டியை இறக்கினால் தயிர் கலங்கி மேலே வரும். ஒவ்வொரு வருடமும் இதைக் கரும்பலகையில் படமாகக் கீறுகிறேன். பிள்ளைகளுக்குப் பிடித்த பாடம். தயிர் என்றதும் பசி வந்துவிடும்.

செத்தவீட்டில் என் வீடு நிறைந்திருந்தது. மூன்று அடுப்பில் சமைத்தார்கள். யாரோ சிரித்தார்கள், யாரோ அடக்கினார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் இரவல் கதிரைகளைத் திருப்பிக் கொண்டுபோனார்கள். அதோடு ஆட்களும் போனார்கள். குறை சொல்லவில்லை. ஒரு வீட்டுக்குப் போகக் காரணம் வேண்டும். பெண்சாதி செத்த இளந்தாரி தனியாக இருக்கிற வீட்டுக்கு என்ன காரணம் சொல்லிக்கொண்டு போவது?

ஆடி மாதம் காரணம் வந்தது.

கோயில் திருவிழாவுக்கு முன்னால் வருடத்துக்கு ஒருமுறை ஊர் கூடி அந்தக் கிணற்றை வாளியால் இறைத்து, அடிச்சேற்றை அள்ளி, சுண்ணாம்பு பூசும். நாலைந்து நாள் தண்ணீர் அள்ள முடியாது. எல்லாரும் முதலிலேயே நிரப்பி வைத்துக்கொள்வார்கள். என் குசினிக்குப் பின்னால் இருந்த மழைநீர்த் தாங்கி பைரவி கணக்குப் பார்த்துக் கட்டுவித்தது. மூன்று பேருக்கான தாங்கி. நான் ஒருவன் குடித்ததில் பாதிகூடக் குறையவில்லை.

முதலில் வந்தது பக்கத்து வளவு மீனலோசனி அக்கா.

"தம்பி, உம்மட தாங்கியில தண்ணி கிடக்கே?"

"கிடக்கு அக்கா."

"அப்ப ஒரு கான் தாரும். நான் நேற்றே நிரப்பி வைச்சனான். இந்த மனுசன் அதில ஆட்டை முழுக வார்த்துப் போட்டுது."

"ஆட்டை ஏன் நல்ல தண்ணியில வார்த்தவர்?"

"ஆடு பாக்க ஆள் வருகுதாம். உப்புத் தண்ணியில வார்த்தால் மயிர் சொறசொறக்குமாம். முப்பது வருசமா நான் உப்பிலதான் முழுகிறன். என்ர தலையை ஒருநாள் தடவிப் பாத்திருப்பாரே?"

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு நானே திரும்பிப் பார்த்தேன்.

பின்னேரம் ஆகும்போது முற்றத்தில் பிளாஸ்ரிக் கான்கள் வரிசையில் நின்றன. வைத்திலிங்கம் அண்ணை தன் ஐந்து மாடுகளையும் ஓட்டிக்கொண்டு வந்தார். மனைவி இல்லாத மனிதர். பிள்ளைகள் கனடாவில். மாடுகளோடுதான் பேச்சு. செவலைப் பசு மூக்கு மூழ்கக் குடித்தது.

"பாத்தீரே வாத்தியார், இவளுக்கு மழைத்தண்ணி எண்டு தெரியும். அங்கை வீட்டில கிணத்துத் தண்ணி வைச்சால் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி மூஞ்சையைச் சுழிப்பாள்."

"அண்ணை, மாட்டைப் பேசாதையுங்கோ. வீட்டில உங்களோட கதைக்க அது ஒண்டுதான் கிடக்கு" என்றாள் நிலாந்தினி.

நிலாந்தினி பைரவியின் சிநேகிதி. இரண்டு பேரும் ஒன்றாகக் கர்ப்பமாக இருந்தார்கள். ஒன்றாகக் கிளினிக்குக்குப் போனார்கள். அவளுக்கு மாசியில் ஆண் பிள்ளை பிறந்தது. கணவன் கட்டாரில். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குசினிக்குள் வந்து, பைரவியின் கதிரையில் இருந்து, கான் நிரம்பும்வரை கதைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கித் தாங்கிக்குள் போட்டது. அதை எடுக்க நாலு பேர் பட்ட பாடு ஒரு திருவிழா.

ஐந்தாம் நாள் கிணறு தெளிந்தது. யாரும் வரவில்லை. மீனலோசனி அக்கா தன் கானின் மூடியை மறந்து போட்டுவிட்டுப் போயிருந்தா. இரண்டு நாள் காத்திருந்தேன். மூடிக்கும் அவ வரவில்லை. பொலித்தீன் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டா என்று பிறகு அறிந்தேன்.

தண்ணீர் இருந்தால் ஆட்கள் வருவார்கள் என்று நான் முதலில் நினைத்தேன். அது பிழை. அவர்களிடம் இல்லாமல் இருந்தால்தான் வருவார்கள்.

இதை யோசித்தபோது எனக்குக் கோபமோ கவலையோ இருக்கவில்லை. ஒரு கணக்குச் சரிவந்தது போல இருந்தது. நன்றாக நித்திரை கொண்டேன்.

முதலில் சேமிப்பைப் பெருப்பிக்க வேண்டும். கொடுக்கிறவனிடம் குறையாமல் இருக்க வேண்டும் அல்லவா? வீட்டின் கிழக்குப் பக்கம் பிள்ளைக்கென்று ஓர் அறை கட்டத் தொடங்கியிருந்தோம். சுவர் எழும்பி நின்றது, கூரை போடவில்லை. மேசன் கணநாதனைக் கூப்பிட்டுக் கதவு வைக்கிற இடத்தை அடைக்கச் சொன்னேன். சுவரைச் சுற்றிக் கம்பி போட்டு கொங்கிறீற் பெல்ட் கட்டி, உள்ளே இரண்டு தரம் பூசி, சீமெந்துப் பால் அடித்தோம். யன்னல் வைக்கிற இடத்தின் கீழே பைப். மேலே தகரம். தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் நுளம்பு வலை.

"வாத்தியார், கதவில்லாத அறை நான் இண்டைக்குத்தான் கட்டுறன்" என்றார் கணநாதன். "ஆர் குடியிருக்கப் போயினம்?"

"தண்ணி."

"அப்ப வாடகை வராது."

நெஞ்சு உயரத்துக்கு நிரப்பினால் இருபதினாயிரம் லீற்றருக்குக் கிட்டப் பிடிக்கும். கார்த்திகை மழையில் நிரம்பியது. மீன் விட்டேன், நுளம்புப் புழு தின்னும் சின்ன மீன். ஓர் ஒழுக்கும் இல்லை.

அறையைக் கட்டத் தொடங்கியபோதே கிணற்று வேலையையும் தொடங்கினேன். அதற்குப் பைரவிதான் உதவினாள்.

கர்ப்பத்தோடு இறந்த பெண்ணுக்குச் சுமைதாங்கி நாட்டுவது எங்கள் பகுதியின் பழைய வழக்கம். அவள் இறக்காமல் கொண்டுபோன சுமை, வழிப்போக்கன் தலைச்சுமையை இறக்கி வைக்க ஒரு கல் ஆகும். மாடுகள் முதுகு தேய்க்க ஆவுரஞ்சிக் கல்லும், குடிக்கத் தண்ணீர்த் தொட்டியும் சேர்த்துக் கட்டினால் இன்னும் புண்ணியம். இப்போது யாரும் தலையில் சுமப்பதில்லை. ஆகவே தொட்டியும் ஆவுரஞ்சியும் வைக்கப் போகிறேன் என்று போன வருடம் ஆடிக் கடைசியில், வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயிலில் சொன்னேன். இடம் பைரவியின் சீதனக் காணி. அது ஊர்க் கிணற்றை ஒட்டிய துண்டு. அதில் பாவிக்காத பழங்கிணறு ஒன்று இருந்தது. அதைத் துப்புரவாக்கி ஒரு சின்ன மோட்டர் பூட்டித் தொட்டியை நிரப்ப வேண்டும் என்றேன்.

மோட்டர் என்றதும் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

வைத்திலிங்கம் அண்ணைதான் பேசினார். "கட்டுப்பாடு ஊர்க் கிணத்துக்கு. இது அந்தப் பிள்ளையின்ர சீதனக் கிணறு. அதின்ர பேரில வாயில்லாச் சீவனுக்குச் செய்யிற தருமத்துக்கு ஆர் மறுப்புச் சொல்லுறது?"

யாரும் சொல்லவில்லை. சொல்ல ஏலாது. வயிற்றில் பிள்ளையோடு போனவளின் தருமத்தை மறித்தால் மறிக்கிற வீட்டுப் பெண்களுக்கு ஆகாது என்பார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

அந்தக் கிணற்றுக்கும் ஊர்க் கிணற்றுக்கும் நடுவில் ஒரு வேலி இருக்கிறது. நிலத்துக்குக் கீழே வேலி இல்லை.

தொட்டி வடிவாக அமைந்தது. மாட்டின் நெஞ்சுக்கு மேலே வராத உயரம், கன்றுக்கென்று பக்கத்தில் தாழ்வான ஒரு பள்ளம். தொட்டி வழிந்தால் போக ஒரு குழாய் பரவைக்கடல் வரைக்கும் புதைத்தேன். திறந்து வைத்த அன்று மீனலோசனி அக்கா சர்க்கரைப் புக்கை கொண்டுவந்தா. செவலை ஆவுரஞ்சிக் கல்லில் முதுகைத் தேய்த்த தேய்ப்பில் கட்டியிருந்த மாலை அறுந்து, அதையும் தின்றுவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். பைரவி இருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

காலையில் பள்ளிக்கூடம் போகும்போது மோட்டரைப் போடுவேன். வந்து நிறுத்துவேன். தொட்டி ஒரு மணித்தியாலத்துக்குள் நிரம்பிவிடும். மிச்சம் குழாயால் கடலுக்குப் போகும். ஏன் இவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கணநாதன் கேட்டார். தண்ணீர் மாறிக்கொண்டிருந்தால்தான் சூடேறாது, மாடு விரும்பிக் குடிக்கும் என்றேன். அது உண்மையும்தான்.

முதலில் கண்டுபிடித்தது செவலை. புரட்டாதியில் ஒருநாள் தொட்டிக்குள் வாயை வைத்தது, எடுத்தது, வைத்திலிங்கம் அண்ணையைப் பார்த்தது.

"என்னடி? சீனி காணாதோ?" என்றவர் கையில் அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "வாத்தியார், இது கரிக்குது."

நானும் அள்ளிக் குடித்துப் பார்த்தேன். எனக்கு ஒரு கிழமைக்கு முன்னமே தெரியும்.

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். அன்று மோட்டரை நிறுத்தியிருந்தால் என் கிணறு மட்டும் கெட்டிருக்கும். ஊர்க் கிணறு தப்பியிருக்கும். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு ஐந்து புள்ளி கொடுக்கிறேன். வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைகூட எழுதும்.

நான் சொன்னேன்: "இறைக்கிற கிணறுதான் அண்ணை ஊறும். கனகாலம் பூட்டிக் கிடந்த கிணறு. அடியில நிண்ட உப்பை இறைச்சு எடுத்தால் நல்ல தண்ணி மேல வரும்."

"அதுதானே" என்றார். முகம் தெளிந்துவிட்டது. வருடாவருடம் இறைத்துத் தெளிந்த கிணற்றைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தச் சொல்லை யார் சந்தேகிப்பார்?

மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாடுகள் என் வீட்டுக்கு வரத் தொடங்கின. அவற்றோடு வைத்திலிங்கம் அண்ணையும்.

மாரி மழை கொஞ்சம் ஆற்றியது. இந்த வருடம் மாசியில் ஊர்க் கிணறும் கரித்தது. மீனலோசனி அக்கா வந்து சொன்னது இப்படித்தான்:

"விடிய எழும்பித் தேத்தண்ணிக்கு உப்புப் போட்டது ஆர் எண்டு இவரோட பெரிய சண்டை. பேந்து பாத்தால் கிணறு. இப்ப மனுசன் மன்னிப்புக் கேள் எண்டு நிக்குது."

"கேட்டீங்களோ?"

"கிணத்திட்டக் கேக்கிறன், அவரிட்டக் கேக்க மாட்டன் எண்டிட்டன்."

அன்றைக்கே கோயிலில் கூடினார்கள். என்ன செய்யலாம் என்று என்னைத்தான் கேட்டார்கள். ஊரில் நிலத்தையும் நீரையும் படித்தவன் நான் ஒருவன். வைத்திலிங்கம் அண்ணை எனக்கு முன்னமே பதில் சொன்னார். "வாத்தியார் அண்டைக்கே சொன்னவர். இறைக்கிற கிணறுதான் ஊறும். உப்பை இறைச்சு வெளியில விடவேணும்." நான் தலையாட்டினேன். அவ்வளவுதான்.

பெரிய மோட்டர் ஒன்றை வேலணையில் இருந்து இரவல் கொண்டுவந்தார்கள். கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டும் என்பதால் பிள்ளையாருக்கு முதலில் தேங்காய் உடைத்தார்கள். ஊர்க் கிணற்றில் மோட்டர் இறங்கியது அதுதான் முதல் தடவை. முறை வைத்துக் காவல் இருந்தார்கள். மரநிழலில் மரவள்ளி அவித்தார்கள், சம்பல் இடித்தார்கள். கணநாதன் தாயம் கொண்டுவந்தார். தோற்றவர் மோட்டருக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும். மாசியும் பங்குனியும் எங்கள் குறிச்சியில் அப்படி ஒரு கலகலப்பு. பகை இருந்த இரண்டு வீட்டார் ஒரே குடத்தில் கூழ் குடித்தார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இறைத்தது அவர்கள். ஊர்க் கிணற்றின் மோட்டரை நான் ஒருநாளும் தொடவில்லை. அது உங்களுக்கு முக்கியமென்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

கரிப்பு ஏற ஏறக் கூட இறைத்தார்கள். சித்திரையில் அந்தத் தண்ணீரில் பருப்பு அவியவில்லை. ஒரு படை நல்ல தண்ணீர் மறுபடி மிதக்கப் பத்து வருட மாரி வேண்டும் என்பது என் மதிப்பு. உங்கள் போத்தல்களைச் சோதித்தால் இன்னும் கூடவும் வரலாம்.

பின்னேரங்களில் எல்லாரும் என் வீட்டில். நான் அளந்து ஊற்றவில்லை. யாரையும் திருப்பி அனுப்பவில்லை. பைப்பில் வரிசை நிற்கும்போதே வழக்குகள் தீர்ந்தன, கலியாணம் ஒன்று பேசி முடிந்தது. மாடுகள் பைரவியின் செவ்வரத்தைச் செடிகளைத் தின்று தீர்த்தன. ஆட்கள் இருக்க வாங்குகள் செய்வித்தேன். கலியாணத்துக்கு வந்த மூக்குப்பேணிகள் பெட்டியிலேயே கிடந்தன. அவற்றை வெளியே எடுத்துக் கழுவி வைத்தேன். வெளியூரில் இருந்து யாராவது வந்து பார்த்திருந்தால் கொண்டாட்டம் நடக்கிற வீடு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பகலில் மட்டும் படலையைப் பூட்டிவிட்டுப் போவேன். பைப்புக்கும் ஒரு பூட்டு, திறப்பு என்னிடம். களவுக்குப் பயந்து அல்ல. நான் இல்லாத நேரம் எடுத்துக்கொண்டு போனால் பின்னேரம் வர மாட்டார்கள்.

நிலாந்தினி மறுபடி கர்ப்பமாக இருந்தாள். கணவன் ஐப்பசியில் லீவில் வந்து போனவன். அவளுக்கென்று சிவப்பு மூடி போட்ட ஒரு கானைத் தனியாக வைத்திருந்தேன். வைகாசியில் குடும்பநல மாது அவளுக்குப் பிறஷர் கூட இருக்கிறது, கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்கவே வேண்டாம் என்று சொல்லியிருந்தா. அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"சிவா அண்ணை, அந்தப் பைப்புத் திறப்பைத் தந்திட்டுப் போங்கோவன். சின்னவன் பாதித் தண்ணியை ஊத்திப் போடுறான். மத்தியானத்தோட முடிஞ்சிடும். பிறகு கிணத்துத் தண்ணியைத்தான் குடிக்க வேண்டிக் கிடக்கு."

"பெரிய கானாத் தரட்டே?"

"வயித்தில ஒண்டு, இடுப்பில ஒண்டு. பெரிய கானை எங்கை வைக்க, தலையிலயே?"

"பின்னேரம் வாரும். ஆறுதலா இருந்து கதைச்சுப் போட்டுக் கொண்டு போகலாம்."

"உங்களுக்கு எப்பவும் கதை" என்றாள்.

திறப்பு அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. அதைக் கொடுப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் கொடுத்திருந்தால் அவள் காலையிலேயே எடுத்துக்கொண்டு போயிருப்பாள். பைரவியின் கதிரை பின்னேரம் வெறுமையாக இருந்திருக்கும். வேறு யாரும் அந்தக் கதிரையில் இருப்பதில்லை.

ஆனி நடுப்பகுதியில் அவளைக் கொண்டுபோனார்கள். ஏழு மாதம். வாகனம் பாலத்தைத் தாண்டியது. அவள் தப்பினாள். பிள்ளை பிறந்து ஒருநாள்தான் உயிரோடு இருந்தது.

உப்புத் தண்ணீருக்கும் கர்ப்பிணிகளின் பிறஷருக்கும் தொடர்பு இருக்கலாம் என்று படித்திருக்கிறேன். நான் நம்பவில்லை. பைரவி கடைசிவரை குடித்தது நல்ல தண்ணீர். அவளுக்கும் இதே பிறஷர்தான் வந்தது. ஆகவே இதற்குத் தண்ணீர் காரணமாக இருக்க முடியாது. நீங்களும் படித்தவர். யோசித்துப் பார்த்தால் விளங்கும்.

நிலாந்தினி மூத்த பிள்ளையோடு வவுனியாவில் மாமி வீட்டுக்குப் போய்விட்டாள். உடுப்பு எடுக்க ஒருமுறை வந்தாள் என்று கேள்விப்பட்டேன். என் படலையடிக்கு வரவில்லை. களைத்திருப்பாள்.

அதன் பிறகு தண்ணீர் ஏற்றிக்கொண்டு பவுசர் வரத் தொடங்கியது. சந்தியில் நீலத் தாங்கி வைத்து, கிழமைக்கு மூன்று தரம் நிரப்புகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தாங்கியை வெய்யிலில் வைத்திருக்கிறார்கள், கிடுகு கட்டவில்லை. சனம் இப்போது அங்கே வரிசையில் நிற்கிறது. பவுசர் மாட்டுக்குக் காணாது என்று வைத்திலிங்கம் அண்ணை மாடுகளை விற்றுவிட்டார். என்னிடம் வந்தால் ஐந்து மாட்டுக்கும் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். "எத்தினை நாளைக்கு வாத்தியாரைக் கரைச்சல் படுத்திறது?" என்றாராம். அவருக்கு என்னில் அவ்வளவு அன்பு. செவலையை ஏற்றியபோது லொறிக்குப் பின்னால் கோயில் மட்டும் நடந்தார் என்றார்கள். மூன்று வீடு பூட்டிக் கிடக்கிறது. கணநாதன் கிளிநொச்சியில் வேலை பார்க்கிறார். மீனலோசனி அக்காவும் வெளிக்கிடப் போகிறாவாம்.

இந்த மாதம் என் படலையைத் திறந்து வந்த முதல் ஆள் நீங்கள். அதனால்தான் கிடுகைப் பாராட்டியபோது அவ்வளவு சந்தோசப்பட்டேன்.

பேணியைக் கீழே வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை. தண்ணீரில் எதுவும் இல்லை. நான் ஒருநாளும் தண்ணீரில் எதையும் கலந்ததில்லை.

சரி, நேராகவே சொல்கிறேன். ஊர்க் கிணற்றை உப்பாக்கியது நான். தெரியாமல் அல்ல, படித்துத் தெரிந்தே செய்தேன். என் மனைவியின் பேரில் வைத்த தருமத் தொட்டியால் செய்தேன். மிச்சத்தை அவர்கள் கையாலேயே செய்வித்தேன். வறட்சி என்று போடாதீர்கள்.

நாளை வெள்ளிக்கிழமை. கோயிலில் எல்லாரும் இருப்பார்கள். நீங்கள் திரும்பி வந்து சொல்லுங்கள். நான் சொன்னால் துக்கத்தில் பிசத்துகிறேன் என்பார்கள். உங்களிடம் போத்தல் இருக்கிறது, நம்புவார்கள். உடனே இங்கேதான் வருவார்கள். போனவர்களும் கேள்விப்பட்டுத் திரும்பி வருவார்கள். கிளிநொச்சியில் இருந்தும் வருவார்கள். இப்படி ஒரு காரணம் இருக்கும்போது யார் வராமல் இருப்பார்?

கோபத்தில் கத்துவார்கள். கத்தட்டும். வெய்யிலில் நடந்து வந்து கத்துகிறவர்களுக்குத் தாகம் எடுக்கும். அறை நிறைய இருக்கிறது. தாங்கி நிறைய என்று சொல்ல வந்தேன். வாங்குகளைத் துடைத்துவிட்டேன். மூக்குப்பேணிகளைப் புளி போட்டு மினுக்கி வைத்திருக்கிறேன். படலையைப் பூட்ட மாட்டேன்.

உங்கள் பஸ்ஸுக்கு நேரமாகிறது. ஒரேயொரு உதவி. வவுனியாவுக்கும் எப்படியாவது சொல்லி அனுப்பிவிடுங்கள். நிலாந்தினியின் சிவப்பு மூடிக் கானை நான் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. நிரப்பித்தான் வைத்திருக்கிறேன்.